அப்பாவை ஃபியோர்டில் நிறுத்தியவர்கள்

அப்பா இறந்த அன்று, திருச்சியில் நடந்த ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் தெருமுனையில் இறங்கியபோது, நான் முதலில் பார்த்தது அப்பாவை அல்ல, நார்வேயை. இரண்டு மூங்கில் நட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஆளுயரத்துக்கு அப்பா நின்றுகொண்டிருந்தார். வெளிர்நீலச் சட்டை, வெள்ளை வேட்டி. பின்னால் பனி மூடிய மலைகள், மலைகளுக்கு நடுவே அசையாமல் கிடக்கும் நீர், கரையில் ஒரு படகு. சுவாமிமலைக் கோயிலின் அறுபது படிகளைத் தவிர வேறு மலை எதையும் ஏறியிராத மனிதர் அவர். அதுவும் கட்டுமலை.

எல்லோரும் நான் விழுந்து அழுவேன் என்று காத்திருந்தார்கள். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். ஃப்ளெக்ஸ் கடைகளில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இறந்தவரின் முகத்தை எங்கிருந்தாவது வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் சட்டை ஒன்றை மாட்டி, பின்னால் அருவியோ ரோஜாத் தோட்டமோ ஒட்டிவிடுவார்கள். செத்தவர்கள் எல்லோரும் ஒரே சுற்றுலாவுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் வீட்டு வாசலில் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என் வீட்டு வாசலுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

போதாக்குறைக்கு, அது ஏதோ ஒரு மலையும் அல்ல. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மலை.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. கூலிக்குக் களை பறித்து, நாற்றுப் பறித்து, கட்டுத் தூக்கிய குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள். கும்பகோணத்தில் ஓவியம் படித்த காலத்தில் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கையில் சிக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நார்வேக்காரர்கள் வரைந்த நிலக்காட்சிகள். கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து உள்நாட்டுக்குள் நீளமாகப் போய்க் கிடக்கும். அதை ஃபியோர்டு என்பார்கள். எங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பவை தென்னையும் கோபுரமும் செல்போன் டவரும்தான். மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு, தண்ணீரிலிருந்து நேராக வானத்துக்கு எழும் பாறையைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது.

பிறகு படிக்கப் படிக்க எரிச்சலும் சேர்ந்தது. அந்த ஓவியர்களில் பலர் சொந்த ஊரில் இருந்துகொண்டு வரையவில்லை. அங்கே அவர்களுக்குக் கலைக்கல்லூரி இல்லை என்று ஜெர்மனி நகரங்களுக்குப் போய்ப் படித்து, அப்படியே தங்கியும்விட்டார்கள். கோடையில் ஊருக்கு வருவார்கள். மலையையும் நீரையும் குடியானவர்களையும் நோட்டில் கிறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நகரத்து அறையில் உட்கார்ந்து, ஓரிடத்து மலையோடு இன்னோரிடத்து மேகத்தைச் சேர்த்துப் பெரிதாக வரைவார்கள். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள். படத்தில் மனிதர்கள் நெல்மணி அளவுக்கு இருப்பார்கள். வைக்கோல் சுமக்கிறவள், படகைத் தள்ளுகிறவன். பலருக்கு முகம்கூட இருக்காது. முகம் வரைந்தால் மலை கோபித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். உழைக்கிறவனை அழகுக்காக நிறுத்தி வைத்து, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வரைந்துகொண்டு போகிறவனை நம்பாதீர்கள் என்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கலர் பென்சிலை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொள்ளும். அப்படித் திட்டிக்கொண்டே அவற்றில் ஒரு படத்தை அச்சாக வாங்கி, தாராசுரத்தில் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்திருந்தேன். திட்டிக்கொண்டே பிடித்துப்போகிற விஷயம் எல்லோருக்கும் ஒன்றாவது இருக்கும்.

அம்மா போன பிறகு அப்பா மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வருவார். அந்தப் படத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். டிவியைப் போடட்டுமா என்றால் வேண்டாம் என்பார். ஒருநாள் கேட்டார்.

“இவ்வளவு தண்ணி கெடக்கே, நாத்தங்கால் எங்க பாப்பா?”

“அது கடத்தண்ணிப்பா. மலைக்கு நடுவுல உள்ள பூந்து வந்துருக்கு. உப்பு.”

“உப்பா? நம்ம அதிராம்பட்டினத்துப் பக்கம் வாய்க்கா மாதிரி உள்ள வருமே, அது மாதிரியா?”

“அது மாதிரின்னு வச்சிக்கயேன்.”

அவருக்கு அந்தத் தண்ணீர்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. எழுந்து படத்துக்கு அருகில் போனார். மலையடியில், வலது பக்கம், நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு மரவீடு. அந்தப் பச்சையின்மேல் விரலை வைத்தார்.

“இது வயலுதானே?”

“ஆமாப்பா. பார்லி, உருளைக்கெழங்கு, ஏதோ போடுவாங்க.”

“யாரு நெலம்?”

“யாரு நெலமும் இல்ல. படம்தானே.”

“அப்ப ஆளில்லாத நெலம்னு சொல்லு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் பள்ளியில் சக ஆசிரியைகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். எங்கப்பா நார்வே ஓவியம் ரசிக்கிறார் தெரியுமா என்று.

அதனால் பேனரைப் பார்த்ததும் நடந்தது என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அண்ணன் அப்பாவின் ஃபோனைக் குடைந்திருக்கிறான். மலைப்படம் அகப்பட்டிருக்கிறது. அப்பாவின் முகத்துக்கு, நான் எடுத்த படம் அகப்பட்டிருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கென்று என்னிடம் இருந்த ஒரே நல்ல படம் அதுதான். சில வருடங்களுக்கு முன் குறுவை நடவு சமயத்தில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா நாற்றங்காலில் முழங்கால் வரை சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். வெற்றுடம்பு, தலையில் துண்டு, இரண்டு கையிலும் நாற்றுமுடி. காலை வெயில் சேற்றில் பட்டு அவர் மார்பில் ஏறியிருந்தது. நான் ஃபோனை எடுத்தேன். “இரு பாப்பா, கரையேறிச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்துர்றேன்” என்றார். “வேணாம்ப்பா, அப்படியே நில்லு, இதுதான் அழகு” என்றேன். நின்றார். கேமராவை நேராகப் பார்த்தார்.

அந்தப் படத்தை வைத்துப் பெரிதாக ஓர் எண்ணெய் ஓவியம் வரைந்தேன். கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் மண்வாசனை என்றார்கள், உழைப்பின் கம்பீரம் என்றார்கள். அப்பாவை வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று வரவில்லை. அவர் நின்ற அந்த வயல் எங்களுடையது அல்ல, ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களுடையது. பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் அப்பாவின் பெயர் கிடையாது. ஆனால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மடை ஒழுகும் என்று அவருக்குத்தான் தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில் இறங்கியவர்.

இப்போது அந்தச் சேற்றை அழித்துவிட்டார்கள். துண்டை உருவிவிட்டார்கள். கையிலிருந்த நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டர் சட்டை மாட்டி, வெள்ளைக்காரன் மலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? நடுவில் நிற்க வேண்டிய மனிதரை இடது ஓரமாக, கை விளிம்பில் இடிக்கிற அளவுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். செத்த பிறகும் ஓரமாக நில் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

பேனர் நாலு நாளில் கிழிந்துவிடும், போகட்டும். ஆனால் பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு. அன்றைக்குத் திரை விலகிச் சுவரில் ஏறுகிற படம்தான் அதற்குப் பிறகு அப்பா. விளக்கேற்றுவதும் மாலை போடுவதும் அதற்குத்தான். அண்ணனின் பேரப்பிள்ளைகளுக்கு அதைத் தவிர வேறு அப்பா கிடைக்கப்போவதில்லை. அந்த இடத்தில் இந்தப் பொய்யை ஏற விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அண்ணன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். பால் தெளித்த மறுநாள், கொல்லையில் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

“பேனர்ல இருக்குற படத்தையேவா ஃப்ரேம் போடப் போற?”

“ஆமா. படத்தறப்புக்கு அதான்.”

“நாத்தங்கால்ல நான் எடுத்த படம் இருக்குண்ணே. அத வைப்போம்.”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“இதுவே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு. நீ சும்மா இரு.”

எங்கள் வீட்டில் அண்ணன் எனக்கு எதையும் மறுத்தவன் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டது. “அப்பா சேத்துல நின்னாருன்னு சொல்ல ஒனக்கு வெக்கமா இருக்கா? நாலு பேரு வந்து பாத்தா கௌரவம் கொறஞ்சிடுமா? மிஷின் வாங்குனதும் மண்ணு அசிங்கமாயிடுச்சா?” என்று கத்தினேன். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் துணியைப் பிழிந்து காயப்போட்டான். “நீ படிச்சவ, பேசுவ. பேசிட்டுப் போ” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ளவன் பார்க்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறுக்கு இரண்டு நாள் முன்பு கும்பகோணத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். பேனரின் மூலையில் கடையின் பெயரும் ஃபோன் எண்ணும் இருந்தன. பாத்திரக் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தக் கடை. உள்ளே ஒரு பெண் மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் மிஷின் சர்சர்ரென்று ஒரு காதணி விழாவை அச்சடித்துக்கொண்டிருந்தது. பேனரின் படத்தை என் ஃபோனில் காட்டி, இதைச் செய்தது யார் என்று கேட்டேன்.

“நான்தான் மேடம். சொல்லுங்க.”

சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே வரிசையாக அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு மனிதனின் முகத்தை அவன் உடம்பிலிருந்து அறுத்து எடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். நாற்றங்கால் படத்தைக் காட்டி, இந்தச் சேற்றில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். அந்தச் சட்டை பொய் என்பதற்கு அதிலேயே சாட்சி இருக்கிறது, கடையில் மடித்து வைத்த மடிப்புக்கோடுகூடக் கலையவில்லை, எந்த விளம்பரத்திலிருந்து திருடினீர்கள் என்று கேட்டேன். காதணி விழா அச்சாகி முடிந்தது. அவள் எழுந்து மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளினாள்.

“நீங்கதான் டிராயிங் டீச்சருங்களா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“ஐயா சொல்லியிருக்காங்க.”

எந்த ஐயா என்று கேட்டேன். அவள் திரையில் எதையோ தேடி எடுத்துத் திறந்தாள். இந்தக் கடையில், இந்தச் சுவரோரம், வெள்ளைத் துணிக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெளிர்நீலச் சட்டை. நான்காக மடித்த கோடு மார்பின் குறுக்கே. கால்வரை முழுப்படம். காலில் செருப்பு.

“போன வருஷம் தைக்கு அப்புறம் வந்தாங்க மேடம். டவுன் பஸ்ல வந்து கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சேன்னாங்க. சட்டைய இங்க வந்துதான் கவர்லேருந்து பிரிச்சிப் போட்டாங்க. அயர்ன் பண்ணிக் குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்மா, புதுசுன்னு தெரியட்டும்னாங்க. ஃபோன்ல வச்சிருந்த மலைப்படத்தக் காட்டி, இதுக்கு முன்னால என்னைய நிறுத்துன்னாங்க.”

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“நான் போயிட்டா எம்மவன் வருவான், இத அவன்கிட்ட குடு, வேற எதையும் போட்டுடாதன்னாங்க. வேற படம் ஏதும் இருக்குங்களா ஐயான்னு கேட்டேன். இருக்கு, எம்மவ எடுத்தது ஒண்ணு இருக்கு, அது சேத்துல நிக்கிறது, நான் சட்ட போட்டுக்கிட்டு வர்றேன்னு சொன்னேன், அது வேணாம்னுடுச்சின்னாங்க. கோவமாச் சொல்லல மேடம். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க.”

முகம் வரையக் கற்றுக்கொடுக்கிறவள் நான். கண்ணுக்கும் மூக்குக்கும் இடைவெளி எவ்வளவு என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள். பேனரில் இருந்தது வேறு நாள், வேறு வெளிச்சம், சில வயது கூடிய வேறு முகம். பதினான்கு நாளாக அதைப் பார்த்துக்கொண்டு, அது என் படத்திலிருந்து வெட்டியது என்று ஊரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் எடுத்ததைத் தவிர அப்பாவுக்கு வேறு முகம் இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒரு சட்டை. கரையேறிப் போட்டுக்கொண்டு வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதைக் கொடுக்காமல் சேற்றிலேயே நிறுத்தி, எடுத்துக்கொண்டு போய், தாராசுரத்து அறையில் உட்கார்ந்து பெரிதாக வரைந்து, கண்காட்சியில் வைத்துப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். வகுப்பில் எந்த ஓவியர்களை நம்பாதீர்கள் என்று கத்தினேனோ, அவர்களாவது ஊர்பேர் தெரியாதவர்களை வரைந்தார்கள்.

இருந்தாலும் நான் உடனே அடங்கிவிடவில்லை. தோற்றுப்போனவர்கள் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்களே, அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

“சரி. இப்படி ஓரமாவா நிறுத்துவீங்க ஒரு மனுசர? நடுவுல வைக்கத் தெரியாதா?”

“நான் நடுவுலதான் வச்சேன் மேடம். ஐயாதான் தள்ளு, இன்னும் தள்ளுன்னாங்க. நல்லா இருக்காதுங்கய்யா, கை வெட்டுப்படும்னு சொன்னேன். கேக்கல.” அவள் திரையில் பேனர் படத்தைக் கொண்டுவந்து, மலையடியில் வலது பக்கம் இருந்த பச்சையை விரலால் தொட்டாள். அப்பா விரல் வைத்த அதே இடம். “நான் நடுவுல நின்னா அந்த வயலு மறையுது, தள்ளி வையின்னாங்க. அது யாரு வயலுங்கய்யான்னு சும்மா கேட்டேன். ஆளில்லாத நெலம்மா, நான்தான் பாத்து வச்சிருக்கேன்னாங்க.”

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை என்னை எதுவும் கேட்கவில்லை. அழுதாலும் கோபம் போகவில்லை, அது அப்பாமேல் திரும்பியிருந்தது. அத்தனை முறை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களே, ஒருமுறை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் சண்டை போட்டேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று நானே கேட்டுக்கொண்டபோது, பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம், ஏன் சொல்லவில்லை என்றேன். “பாப்பாகிட்ட சொல்லாத, சண்டைக்கு வரும்னாரு. வந்தியா இல்லையா?” என்றான்.

பதினாறாம் நாள் காலையில், பந்தலில் வைத்து அந்தப் படத்தைத் திறந்தார்கள். கயிற்றை என்னையே இழுக்கச் சொன்னான் அண்ணன். அப்பா ஓரமாக நின்றார், சட்டை மடிப்போடு. பெரிய வீட்டுக்காரரும் மாலையோடு வந்திருந்தார். அவர் வீட்டு வயலில்தான் அப்பா ஆயுள் முழுவதும் இறங்கினார். படத்துக்கு முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒங்கப்பன எங்க கொண்டுபோயி நிறுத்தியிருக்கீங்க? நம்ம வயல்ல நிக்கிற மாதிரி நீ ஒரு படம் போட்டியாமே, அத வச்சிருக்கலாமே. இது என்ன எடம், ஊட்டியா?”

இரண்டு நாள் முன்பு வரை என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள்தான். அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குக் காது எரிந்தது.

“அது எங்கப்பா நெலங்க” என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. எக்கி மாலையைப் போட்டார். அது பெரிய ரோஜா மாலை. படத்தின் வலது பக்கம் சரிந்து அந்தப் பச்சையை மூடியது. அவர் திரும்பிப் போகும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, எல்லோரும் பார்க்க, அந்த மாலையை இடது பக்கமாகத் தள்ளிவிட்டேன்.